ஏரிக்கரையில் அந்நியர்

சென்னையின் மேற்குப் புறநகரான அயனம்பாக்கத்தில், ஏரியை நோக்கிய சன்னல் வீட்டின் விலையைக் கூட்டும் அளவுக்கு நீர்ப்பரப்பின் காட்சி மதிப்புப் பெற்றுவிட்டது. அதே கரையில், பழைய ஊர்த்தெருக்களில் வாழ்வோரும், அடுக்குமாடிகளுக்கு வீட்டுவேலைக்கும் காவலுக்கும் வருவோரும் தம்மை அந்நியராக உணர நேர்வதைத் தனிமனித மனத்தாங்கலாக ஒதுக்கிவிட முடியாது. நீர்நிலை யாருக்கு உரியது என்ற கேள்விக்கு நகரம் அளித்துவரும் விடையிலிருந்தே அவ்வுணர்வு பிறக்கிறது.

சென்னையை உள்ளடக்கிய தொண்டை மண்டலத்து ஏரி, மழைநீரைத் தேக்கும் கரையும், பாசனத்துக்கு நீர் திறக்கும் மதகும், மிகுநீரை வெளியேற்றும் கலங்கலும், அந்நீரால் விளையும் வயல்பரப்பாகிய ஆயக்கட்டும் இணைந்த ஓர் ஏற்பாடாகும். ஊரார் கூடித் தூர்வாரிக் கரையைச் செப்பனிடும் குடிமராமத்தும், ஏரி மீனை ஏலம் விடும் மீன்பாசிக் குத்தகையும் மக்களை நீரோடு பிணைத்தன. நிலமும் நீரும் சாதிப்படியே பங்கிடப்பட்டதால் அவ்வேற்பாடு சமத்துவமானதாக இருக்கவில்லை; எனினும் உழைப்பவரின்றி ஏரி நிலைக்காது என்பதை அது அறிந்திருந்தது. 1960களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையும் எழுந்து, வயல்கள் மனைகளாக மாறியபோது, ஆயக்கட்டோடு அந்தப் பிணைப்பும் அற்றது.

இம்மாற்றத்தில் சட்டத்தின் பார்வை எல்லோர்மீதும் ஒரேவிதமாக விழவில்லை. அருகிலுள்ள முகப்பேரில் 'ஏரித் திட்டம்' என்ற பெயரிலேயே மனைப்பிரிவு அமைந்து மதிப்புமிக்க குடியிருப்பாக வளர்ந்திருக்க, நீர்நிலைப் புறம்போக்கில், அதாவது வரி விதிக்கப்படாத பொதுநிலத்தில், குடிசையிட்ட ஏழை ஆக்கிரமிப்பாளர் எனப்படுகிறார். 2007ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் நீர்நிலைகளுக்கு இன்றியமையாதது. ஆனால் 2015 வெள்ளத்துக்குப் பின் கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தொலைதூரப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டபோது, நீரைக் காப்பதன் விலையை அவர்களே தம் வேலையாலும் பிள்ளைகளின் படிப்பாலும் செலுத்தினர்.

சென்னைக் கடற்கரையிலும் இதுவே நிகழ்கிறது. நொச்சிக்குப்பத்தில் மீனவர் வாழ்விடத்தின் ஊடாகவே சாலை சென்ற பின், 2023 ஏப்ரலில் போக்குவரத்துக்கு இடையூறு எனச் சாலையோர மீன்கடைகள் அகற்றப்பட, தலைமுறைகளாக அங்கேயே வாழ்ந்தவர்கள் தம் இடத்தில் தமக்குள்ள உரிமைக்காகப் போராட வேண்டியதாயிற்று. சாலை வழியே கடந்து செல்வோரின் வசதி, கரையில் பிழைப்போரின் உரிமைக்கு மேலாக எண்ணப்பட்டதே அப்போராட்டத்தின் வேர்.

கரையில் நடைபாதையும் பூங்காவும் அமைப்பது வரவேற்கத்தக்கது. எனினும் எந்நேரத்தில் வாயில் திறக்கும், எவர் மீன்பிடிக்கலாம், ஆடுமாடு எங்கே நீர் குடிக்கும் என்பவற்றை வீட்டு உரிமையாளர் சங்கங்கள் மட்டுமே பேசித் தீர்மானித்தால், அழகாகும் கரை பலருக்கு மூடிய கரையாகிவிடும். அயனம்பாக்கம் போன்ற ஏரிகளின் பராமரிப்புக் குழுக்களில் பழைய ஊராருக்கும், வாடகைக்குக் குடியிருப்போருக்கும், மீன்பிடிப்போருக்கும், வேலைக்கு வரும் பெண்களுக்கும் முடிவெடுக்கும் இடம் வேண்டும். கரையில் யாரும் அந்நியராக நிற்காத ஏரிக்கே, கழிவுநீர் கலக்கும்போதும் கரை களவாடப்படும்போதும் குரல்கொடுக்க ஊர் முழுவதும் திரளும்.