மாலை யார் கழுத்துக்கு?

தொண்டு செய்யும் சங்கங்கள் குலைந்து போவதற்குப் பணத் தகராறே முதற் காரணம் என்று பலரும் எண்ணுகின்றனர். மலைநாட்டுச் சங்கங்களின் நடைமுறையை அறிந்தவர்க்கு அதற்கு இணையான வேறொரு காரணமும் புலப்படும். அதுதான் பொன்னாடை. ஆண்டு விழாவன்று யாருக்கு அது போர்த்தப்பட்டது, யாருடைய பெயர் விடுபட்டது என்ற ஒன்றினாலேயே இரண்டாகப் பிளந்த வாலிபர் சங்கங்களும் வாசிகசாலைகளும் பல. கணக்கில் பத்து ரூபாய் குறைந்தால் அடுத்த கூட்டத்தில் கேட்டுவிடலாம். 'எனக்கேன் மாலை போடவில்லை?' என்று எழுந்து கேட்க, மானமுள்ள எவருக்கும் வாய் வராது. கேட்காதவர் மெல்ல விலகிவிடுவார். அவர் விலகியதையும் சங்கம் உடனே உணர்வதில்லை. மறு ஆண்டு பந்தல் போட ஆள் இல்லாதபோதுதான் உணர்கின்றது.

பலாங்கொடையிலிருந்து மேலேறி வரும் நெடுஞ்சாலை பேராகலைச் சந்தியை எட்டுவதற்கு முன் ஹல்துமுல்லையைக் கடக்கின்றது. சாலைக்கு மேலும் கீழுமாகத் தேயிலைத் தோட்டங்கள், தோட்டங்களுக்குள் லயங்கள், லயங்களுக்கு நடுவே கோயில். இத்தகைய தோட்டங்களில் கோயிற் சபை, மரண உதவிச் சங்கம், இளைஞர் கழகம் என ஊதியமில்லா உழைப்பால் நடக்கும் அமைப்புகள் ஒன்றிரண்டேனும் இருக்கும். மரண உதவிச் சங்கத்தை எடுத்துக்கொள்வோம். சந்தா பிரிப்பவர் ஒருவர், கணக்கெழுதுபவர் ஒருவர். ஆனால் இழவு விழுந்த இரவில் மழையென்றும் அட்டையென்றும் பாராமல் அடுத்த தோட்டத்துக்குச் செய்தி கொண்டு நடந்தவர் யார்? குழி வெட்டியவர் யார்? துக்க வீட்டுக்கு வந்த கூட்டத்துக்கெல்லாம் தேநீர் ஊற்றிக் கொடுத்த பெண்கள் யாவர்? கூட்ட அறிக்கையில் முதல் இருவர் பெயரும் இருக்கும். மற்றவர் பெயரை எங்குத் தேடுவது?

தோட்ட மக்களுக்குப் 'பேர்' என்னும் சொல்லின் பொருளை நாம் விளக்க வேண்டியதில்லை. ஒரு நாள் வேலை செய்தால் செக்ரோலில் ஒரு பேர். குறித்த நிறைக்குக் கொழுந்து வராவிட்டால் அரைப்பேர். மடுவத்தில் கூடை தராசில் ஏறும்போது அத்தனை கண்களும் முள்ளின் மீதே நிற்கும். கூடைக்கும் ஈரத்துக்கும் என்று கழிக்கப்படும் கிலோக்களைப் பற்றி எழுந்த வழக்குகளுக்குக் கணக்கேயில்லை. அந்தத் தராசிலே குறைகள் பல உண்டு. ஆயினும் அஃது எல்லோர் கண்முன்னும் தொங்குகின்றது. எத்தனை கிலோவுக்கு ஒரு பேர் என்பது காலையிலேயே தெரியும். நம்முடைய தொண்டர் சங்கங்களிலோ இவ்வளவு கூட இல்லை. விழாவுக்கு இரண்டு நாள் முன்பு தலைவரும் செயலாளரும் ஓரிருவரும் உட்கார்ந்து பட்டியல் எழுதுகின்றனர். எதைக் கொண்டு எழுதினர் என்பது எவர்க்கும் தெரியாது. சில வேளைகளில் எழுதியவர் பெயரே பட்டியலின் தலையில் நிற்பதும் உண்டு!

இது நம் மலைகளுக்கு மட்டும் உரிய நோய் அன்று. உலகின் மிகப் பெரிய தொண்டர் அமைப்பான செஞ்சிலுவைச் சங்கத்தின் பிறப்பிலேயே இந்த வழக்கு இருக்கின்றது. 1859 ஜூன் 24-ஆம் நாள் இத்தாலியின் சோல்பெரினோவில் நடந்த பெரும்போரில் இறந்தோரும் காயமுற்றோருமாக ஏறத்தாழ 40,000 பேர் வீழ்ந்தனர். தொழில் நிமித்தம் அவ்வழியே சென்ற ஜெனீவா வணிகர் ஹென்றி டூனாண்ட், அருகிலிருந்த காஸ்திலியோனே என்னும் சிற்றூரில் தங்கி, ஊர்ப் பெண்களைத் திரட்டி, காயமுற்றோருக்குத் தண்ணீரும் கட்டுத் துணியும் கொடுத்துப் பணி செய்தார். பகைவர், நண்பர் என்ற பேதம் அப்பெண்கள் பாராட்டவில்லை. 1862-இல் தாம் கண்டதை டூனாண்ட் நூலாக எழுதினார். மறு ஆண்டு ஜெனீவாவில் ஐவர் குழு ஒன்று அமைந்தது. செஞ்சிலுவை இயக்கத்தின் வித்து அதுவே.

அந்த ஐவருள் குஸ்தாவ் முவானியே என்னும் வழக்கறிஞரும் ஒருவர். 1867-இல் டூனாண்ட் வணிகத்தில் நொடித்தார். நண்பர்கள் பணமும் அதில் மூழ்கிற்று. ஊரில் தலைகாட்ட முடியவில்லை. அடுத்த ஆண்டு முடிவதற்குள் தாம் காண வழிசெய்த குழுவிலேயே அவருக்கு இடமில்லாமற் போயிற்று. வறுமையில் ஊரூராக அலைந்தார். இறுதியில் சுவிட்சர்லாந்தின் ஹைடன் என்னும் மலையூரில், மருத்துவமனை அறையொன்றில் ஒதுங்கினார். 1895-இல் ஒரு பத்திரிகையாளர் அவரைக் கண்டு எழுதிய பின்னரே, அவர் உயிரோடிருப்பதை உலகம் அறிந்தது. 1901-இல் முதன்முறையாகச் சமாதானத்துக்கான நோபெல் பரிசு வழங்கப்பட்டபோது பிரெடெரிக் பாசி என்னும் பிரெஞ்சுக்காரரோடு டூனாண்டும் அதனைப் பெற்றார். அவரை விலக்கிய அதே ஜெனீவாக் குழு அன்று வாழ்த்தும் அனுப்பியது.

இதைக் கேட்டவுடன் முவானியேயைக் கொடியவராகவும் டூனாண்டைத் தியாகியாகவும் பிரித்துவிடுவது எளிது. நாம் அப்படிச் சொல்லமாட்டோம். 1864 முதல் 1910-இல் கண் மூடும்வரை அக்குழுவின் தலைமைப் பொறுப்பை முவானியே சுமந்தார். கனவு கண்டவர் ஒருவர். நாள்தோறும் கடிதம் எழுதி, விதிகள் வகுத்து அக்கனவை நிலைநிறுத்தியவர் மற்றவர். நோபெல் பரிசுக்கு முவானியேயின் பெயரும் முன்மொழியப்பட்டது, கிடைக்கவில்லை. இருவரும் 1910-ஆம் ஆண்டிலேயே, சில வாரங்கள் முன்பின்னாக மறைந்தனர். ஒருவருக்குரிய மாலையை மற்றவர் மறைத்தார் என்பதைவிட, மாலை ஒன்றுதான் என்று எல்லோரும் நினைத்ததே கேட்டுக்குக் காரணம் எனத் தோன்றுகின்றது. பின்னாளில் 1917, 1944, 1963 ஆகிய ஆண்டுகளில் செஞ்சிலுவையின் அனைத்துலகக் குழுவுக்கே நோபெல் பரிசு கிடைத்தது. காஸ்திலியோனேயில் தண்ணீர் சுமந்த பெண்களுக்கோ எந்தப் பதக்கமும் வரவில்லை.

ஒரே கயிற்றில் பிணைந்து ஏறியவர்களையும் பரிசு பிரித்துவிடுவதுண்டு. 1953 மே 29-இல் எவரெஸ்ட் உச்சியை மிதித்தவர் இருவர். ஹில்லரியும் குழுத்தலைவர் ஹன்ட்டும் 'சேர்' பட்டம் பெற்றனர். டென்சிங்குக்குக் கிடைத்தது ஜோர்ஜ் பதக்கம். இந்தியக் குடிமக்கள் அந்நியப் பட்டம் ஏற்பதற்கில்லை என்ற காரணம் சொல்லப்படுவதுண்டு. காரணம் எதுவாயினும் வேறுபாடு மட்டும் மறக்கப்படவில்லை.

நம் நாட்டிலும் பார்ப்போம். 1958-இல் கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஆரியரத்தின மாணவர்களோடு கனத்தொளுவக் கிராமத்துக்குச் சென்று தொடங்கிய சிரமதானமே சர்வோதய இயக்கமாக வளர்ந்தது. 1969-இல் அவருக்கு மக்சேசே விருது கிடைத்தது. தகுதியானவருக்கே கிடைத்தது என்பதில் ஐயமில்லை. எனினும் மண்வெட்டி பிடித்த பல்லாயிரம் கைகளுக்காகவும் ஒருவர் மேடையேறினார் என்பதை அவ்வப்போது நினைத்துக்கொள்வது நல்லது. எப்படிச் செய்தாலும் இந்தக் குறை முழுவதும் நீங்காது.

அப்படியானால் பாராட்டே வேண்டாம் என்று விட்டுவிடலாமா? சிலர் அவ்வாறு கூறுகின்றனர். நாம் உடன்படவில்லை. ஊதியமில்லாமல் உழைப்பவருக்கு நாலு பேர் நடுவே சொல்லப்படும் ஒரு நல்ல வார்த்தைதான் கூலி. அதையும் வேண்டாமென்பவர் பெரும்பாலும் அதை ஏற்கெனவே நிறையப் பெற்றவராகவே இருப்பார்.

2014 அக்டோபர் 29 காலையில் ஹல்துமுல்லைப் பிரதேசத்தைச் சேர்ந்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. இராணுவத்தினர் நூற்றுக்கணக்கில் வந்து தோண்டினர். நாடெங்கும் இருந்து உலருணவும் உடையும் வந்து குவிந்தன. அத்தகைய நாட்களில் பொதி கொண்டு வருவோரைப் புகைப்படம் பிடிப்பது எளிது. பாடசாலை முகாமில் பெரிய அண்டாவில் கஞ்சி காய்ச்சுவோரையும், உறவை இழந்த மூதாட்டியின் அருகே இரவெல்லாம் விழித்திருப்போரையும் யார் படம் பிடிப்பார்? பேரிடரின்போது யார் முதலில் ஓடினார், யார் கடைசி வரை நின்றார் என்பதை எழுதி வைக்கும் ஏடு ஒன்று சங்கத்தில் இருந்தால்தான் பிற்பாடு நீதி செய்ய முடியும். நினைவை நம்பினால் உரத்துப் பேசியவரே நினைவில் நிற்பார்.

ஆகவே சங்கம் நடத்தும் இளைஞர்கள் ஒரு பணி ஏடு வைத்துக்கொள்ளலாம். தேநீர் காய்ச்சியது, பாய் விரித்தது, கடிதம் கொண்டுபோனது யாவும் அதில் ஏறவேண்டும். எதற்குப் பாராட்டு என்பதை ஆண்டின் தொடக்கத்திலேயே கூட்டத்தில் தீர்மானித்து, சுவரில் ஒட்டிவிட வேண்டும். தேர்வு செய்வோர் அந்த ஆண்டு பாராட்டுப் பெறலாகாது. அவர்களுள் ஒருவரேனும் வெளித் தோட்டத்தவராயிருத்தல் நலம். மேடையில் பெயரை மட்டும் படிக்காமல், அவர் செய்த காரியத்தை இரண்டு வாக்கியத்திற் சொல்ல வேண்டும். காரியம் சொல்ல முடியாத பெயர் பட்டியலில் இருக்க நியாயமில்லை.

இன்னொன்றும் உண்டு. 'கூட்டத்துக்குத் தவறாமல் வந்தவர்' என்ற பரிசு வெளிப்பார்வைக்கு மிக நேர்மையானது. ஆனால் கூட்டம் மாலை நாலு மணிக்கு என்றால், கொழுந்து நிறுத்துவிட்டு, பிள்ளையை அழைத்துக்கொண்டு லயத்துக்குத் திரும்பும் பெண் எப்படி வருவாள்? வராதவள் என்று அவளைக் குறிப்பதற்கு முன், கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிப் பார்க்கலாம். காலையில் துணி துவைக்கவும் விறகு பொறுக்கவும் வேண்டியிருக்கும். பிற்பகல் இரண்டு மணி பொருந்தும்.