ஆவியிலிருந்து வரும் உறை

'அப்பாவுக்கு மருந்து பூசிய ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். ஓடுகிற ரத்தம் அந்த மருந்தை ஒரே நாளில் அடித்துக்கொண்டு போய்விடாதா?' என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. போய்விடாமல் பிடித்துவைப்பது பாலிமர் பூச்சு.

2003இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் மருந்து ஸ்டென்ட் சைஃபர். அதன் எஃகுக் கம்பிமேல் அடியில் பாரிலீன், அதற்குமேல் சிரோலிமஸ் மருந்து கலந்த பாலிமர், எல்லாவற்றுக்கும் மேலே மருந்தே இல்லாத மூடுபூச்சு. மூடுபூச்சைக் கடந்துதான் மருந்து கசிய வேண்டும் என்பதால், அதில் சுமார் 80 சதவீதம் வெளியேற ஒரு மாதம் ஆகும். ரத்தக்குழாய்ச் சுவரின் தசைச் செல்கள் பெருகி மறுபடி அடைக்காமல் காப்பது இந்த மருந்து. ஈஸ்டர் தீவின் மண்ணில் கிடைத்த பாக்டீரியா கொடுத்தது.

என்னை அசரவைப்பது அடியிலிருக்கும் பாரிலீன்தான். 1947இல் மான்செஸ்டரில் மைக்கேல் ஷ்வார்ட்ஸ் கண்டுபிடித்தது. அறுபதுகளில் யூனியன் கார்பைடின் வில்லியம் கோர்ஹாம் அதைத் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்தார். வெள்ளைப் பொடி ஒன்றை வெற்றிடத்தில் சுமார் 150 டிகிரியில் ஆவியாக்குகிறார்கள். 680 டிகிரி உலையில் அந்த மூலக்கூறு இரண்டாக உடைகிறது. அடுத்த அறையில் சாதாரண வெப்பம்தான். உடைந்த துண்டுகள் அங்கே எதைத் தொட்டாலும் அதன்மேல் கைகோத்துச் சங்கிலியாகிவிடுகின்றன. வாயு நேரே திடப்பொருளாகிறது; நடுவில் திரவமே கிடையாது!

எங்கள் வீட்டு ஜன்னல் கம்பிக்கு எனாமல் பெயின்ட் அடித்தால், கம்பிகள் சேரும் மூலையில் திரண்டு நிற்கும். விளிம்பில் மெலிந்துவிடும், துருவும் அங்கேதான் முதலில் பிடிக்கும். பாரிலீன் வழிவதில்லை, திரள்வதில்லை. மூலை, விளிம்பு, இடுக்கு எல்லாவற்றிலும் சில மைக்ரான் கனத்தில் ஒரே சீராகப் படிகிறது. எஃகோடு எளிதில் ஒட்டாத மருந்துப் பாலிமருக்கு அதுவே பிடிமானம்.

மருந்து தீர்ந்த பிறகும் சைஃபரின் பாலிமர் குழாய்க்குள்ளேயே தங்கியது. உட்சுவர் ஆறத் தாமதமாகி, வெகுநாள் கழித்தும் ரத்தம் உறையலாம் என்ற கவலை 2006இல் பெரிதாக எழுந்தது. 2011இல் சைஃபர் தயாரிப்பே நிறுத்தப்பட்டது. இன்றைய ஸ்டென்ட்களின் கம்பியும் பூச்சும் மெல்லியவை. சிலவற்றில் பாலிமரே கரைந்துவிடும். ஆனாலும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போட்டே ஆக வேண்டும்.

இத்தனை பேர் உழைப்பில் உருவான பூச்சை உடம்பில் வைத்துக்கொண்டு, 'வலிதான் போய்விட்டதே' என்று ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரலையும் தாமாகவே நிறுத்திவிடுகிறவர்களைப் பார்த்தால் மனம் பதறுகிறது. அம்மா, உங்கள் அப்பா பல் பிடுங்கப் போவதானாலும் சரி, இதய மருத்துவரைக் கேட்காமல் ஒருவேளை மாத்திரையைக்கூட நிறுத்த விடாதீர்கள்.