சாக்கடைக்கும் ஒரு கணக்கு உண்டு!

சாக்கடையில் எதை விடலாம், எதை விடக் கூடாது என்று சர்க்கார் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது என்றால் சிரிப்பீர்கள். நம்ம தெருச் சாக்கடையைப் பார்த்தவர்கள் யார்தான் நம்புவார்கள்? ஆனால் நிஜமாகவே இருக்கிறது, சார். 1986-ம் வருஷத்துச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள், ஆறாவது அட்டவணை. நான் பி.காம். கெமிஸ்ட்ரி சுத்த சூன்யம். அட்டவணை என்றால் மட்டும் விடமாட்டேன்.

ஆலைக் கழிவை ஆற்றில் விட ஒரு கட்டம், பொதுச் சாக்கடையில் விட இன்னொரு கட்டம். சாக்கடைக்குத் தாராளச் சலுகை! அழுக்கை அளக்கும் பி.ஓ.டி., ஆற்றுக்கு லிட்டருக்கு 30 மில்லிகிராம், சாக்கடைக்கு 350. எண்ணெய்ப் பிசுக்கு 10, 20. ஈயம்கூட 0.1, 1. காரணம், சாக்கடைத் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும், மிச்சத்தை அங்கே பார்த்துக்கொள்வார்கள் என்கிற நம்பிக்கை. (போகிறதா என்பது தனிக் கட்டுரை!)

பாதரசத்துக்கு வந்தால் பேரமே கிடையாது. ஆற்றுக்கும் 0.01, சாக்கடைக்கும் அதே 0.01. ஏனென்றால் எந்தக் கிருமியாலும் அதைத் தின்று தீர்க்க முடியாது. சேற்றில் தங்கும், அங்கே மெதில் பாதரசமாக மாறி மீனுக்குள் ஏறும், மீனிலிருந்து மனுஷனுக்கு. ஜப்பானில் மினமாட்டா ஊர்க்காரர்கள் 1950-களில் இதைத்தான் அனுபவித்தார்கள்.

பழைய கண்ணாடித் தெர்மாமீட்டர் ஒன்றில் சுமார் ஒரு கிராம் பாதரசம் இருக்கும். அந்த 0.01 கணக்குப்படி அது ஒரு லட்சம் லிட்டர் தண்ணீருக்கான கோட்டா. பத்தாயிரம் லிட்டர் டேங்கர் லாரி பத்து! ஒரு தெர்மாமீட்டருக்கே இப்படி என்றால், தெர்மாமீட்டர் ஆலைக்கு?

கொடைக்கானலுக்கு வாங்க. அமெரிக்காவில் வாட்டர்டவுன் என்ற ஊரில் இருந்த தெர்மாமீட்டர் ஆலையை 1980-களில் கழற்றிக் கொண்டுவந்து இங்கே பூட்டினார்கள். முதலில் பாண்ட்ஸ், பிறகு ஹிந்துஸ்தான் லீவர். சுவருக்குப் பின்னால் சரிவு. சரிவுக்குக் கீழே பாம்பார் சோலை. மழைத் தண்ணீரைப் பஞ்சு மாதிரி பிடித்துவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே விடுகிற காடு. ஊட்டி, கொடை என்று ஜோடியாக ஹனிமூன் போகிறவர்கள் பில்லர் ராக்கில் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவதால், இந்தப் பக்கம் யார் கண்ணிலும் படாது.

2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பழைய சாமான் கடை ஒன்றில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி ஏழு டன்னுக்கு மேல் கிடந்தது. வெளிச்சம் போட்டது இன்ஸ்பெக்டர் இல்லை. ஊர்க்காரர்களும் பழனி மலைப் பாதுகாப்பு மன்றமும் கிரீன்பீஸும். ஆலை மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே போனது. ஆலைத் தொழிலாளர்கள் தங்களுக்கு வந்த உபாதைகளைச் சொல்லிப் போராடினார்கள். அது வேலையால் வந்ததல்ல என்றது கம்பெனி. 2016-ல் 591 பேருடன் சமரசம். தொகை வெளியே சொல்லப்படவில்லை.

சட்டத்தில் ஓட்டையா என்று பார்த்தேன். இல்லை! 1974 தண்ணீர்ச் சட்டம், 24-வது பிரிவு: விஷப்பொருளைத் தெரிந்தே ஓடையிலோ, கிணற்றிலோ, சாக்கடையிலோ, நிலத்திலோ விடக் கூடாது. எல்லாவற்றையும் எழுதிவைத்துவிட்டார்கள். ஆனால் சோதிப்பவர் பாட்டிலோடு நிற்பது குழாய் வாயில். கண்ணாடியோ மூட்டையில் போனது. மழை சரிவில் இறங்கியது. மூட்டைக்கு ஏது குழாய்?

பிறகு சண்டை மண்ணுக்கு நகர்ந்தது. ஆலை வளாகத்தில் ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் மிச்சமிருக்கலாமா, அது சோலைக்கு ஆகுமா என்று வருஷக்கணக்கில் வாதம்.

உங்கள் வீட்டு அலமாரியிலும் அந்தக் கண்ணாடிக் குச்சி ஒன்று இருக்கலாம். கை தவறி உடைந்தால் தண்ணீர் ஊற்றி ஜலதாரையில் தள்ளாதீர்கள், துடைப்பமும் வேண்டாம். ஜன்னலைத் திறந்துவைத்து, கெட்டி அட்டையால் உருண்டைகளை ஒதுக்கி, மூடி போட்ட பாட்டிலில் அடைத்துவையுங்கள். குழந்தைகள் அதை வைத்து விளையாட வருவார்கள், ஜாக்கிரதை!