பின்சில்லின் வலுவும் வலக்காலின் நிதானமும்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரி முதலாந் திகதி தொடக்கம் தனியார் வாகனங்களுக்கும் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அன்று தொட்டு யாழ்ப்பாணத்திலும் கார்களைப் பற்றிய பேச்சே பேச்சாக இருக்கிறது. எந்தக் காருக்கு எவ்வளவு வரி, எந்தக் கார் எத்தனை வினாடிகளில் நூறு கிலோமீற்றர் வேகத்தை எட்டும் என்பன இளைஞர்களுக்கு மனப்பாடம். வெளிநாட்டில் உழைக்கும் உறவினரின் உதவியோடு விரைவுக் கார் ஒன்றைச் சொந்தமாக்கிக்கொள்ள வேண்டும் என்ற ஆசையும் இப்போது பலருக்கு எட்டாத ஒன்றல்ல. இந்த ஆசை குற்றமன்று. ஆனால், காரை வாங்குவதைப் பற்றிப் பேசுமளவுக்கு அதை ஓட்டப் பழகுவதைப் பற்றி எவரும் பேசுவதில்லை. இதுவே கவலைக்குரியது.

விரைவுக் கார்களிற் பெரும்பாலானவை பின்சில்லுகளால் உந்தப்படுபவை. ஜப்பானின் மஸ்டா நிறுவனம் 1989 இல் அறிமுகப்படுத்திய எம்.எக்ஸ்.5, டொயோட்டா நிறுவனம் 2012 இல் வெளியிட்ட 86 ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. இயந்திரம் முன்னால் இருக்கும். அதன் வலு காரின் அடிப்பகுதியிலுள்ள நீண்ட தண்டின் வழியாகப் பின் அச்சிலுள்ள டிஃபரன்ஷலைச் சென்றடைந்து, பின்சில்லுகளைச் சுழற்றும். முன்சில்லுகளுக்குத் திருப்புகின்ற வேலை மட்டுமே எஞ்சியிருக்கும்.

இன்று நம் வீதிகளில் ஓடும் சிறிய கார்களிற் பெரும்பாலானவற்றில் நிலைமை வேறு. அவற்றில் முன்சில்லுகளே இழுக்கின்றன. அவையே திரும்பவும் செய்கின்றன. அத்தகைய காரை வளைவில் அளவுக்கு மீறிய வேகத்தில் செலுத்தினால், அது திரும்ப மறுத்து நேராகச் செல்ல முனையும். காலைத் தளர்த்தினால் பெரும்பாலும் மீண்டும் வழிக்கு வந்துவிடும். பின்சில்லு உந்தும் கார் அவ்வளவு எளிதில் மன்னிப்பதில்லை. அதன் பின்புறமே வீதியை விட்டு வழுகும். ஓட்டுபவர் தடுமாறினால் கார் ஒரு முழுச் சுற்றே சுற்றிவிடும்.

இவ்வகைக் கார் குடாநாட்டுக்குப் புதியதன்று. இன்றைய தலைமுறை இதை அறிந்திருப்பது அரிது. யாழ்ப்பாணத்தின் அடையாளங்களுள் ஒன்றாக வெளியூரார் வியந்து பார்த்த ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் ஆகிய பழைய பிரித்தானியக் கார்கள் அனைத்தும் பின்சில்லுகளால் உந்தப்பட்டவையே. கல்யாணத்துக்கும், கோயிலுக்கும், ஆஸ்பத்திரிக்கும் ஹயருக்கு ஓடிய இந்தக் கார்களுக்கு விரைவுக் கார்களோடு நெருங்கிய உறவும் உண்டு. 1955 இல் வெளிவந்த எம்.ஜி.ஏ. என்ற புகழ்பெற்ற விரைவுக் காரில் இருந்த 1489 கன சென்ரிமீற்றர் இயந்திரமும், ஒஸ்ரின் ஏ50 கேம்பிரிட்ஜின் இயந்திரமும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. 1958 இல் வந்த ஒஸ்ரின் ஹீலி ஸ்பிறைட் என்ற சிறிய விரைவுக் கார், மொறிஸ் மைனரில் இருந்த அதே வகை 948 கன சென்ரிமீற்றர் இயந்திரத்தையும், மைனரின் ஸ்டியறிங் பொறியமைப்பையும் கொண்டிருந்தது. இங்கிலாந்தில் செல்வந்தரின் பிள்ளைகள் பொழுதுபோக்காக ஓட்டிய கார்களின் ஒன்றுவிட்ட சகோதரங்களையே நம்மவர் குடும்பம் நடத்த ஓட்டினர் எனலாம்.

1990 இல் மீண்டும் போர் மூண்டு, பெற்றோல் உள்ளிட்ட பொருட்களுக்குப் பொருளாதாரத் தடை வந்தபோது இக்கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. காபுறேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை இயக்கி, அது சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது அன்றைய வழக்கம். அழுத்த விகிதம் ஏறத்தாழ 7க்கு 1 என்ற அளவில் இருந்த பழைய இயந்திரங்கள் அதைத் தாங்கிக்கொண்டன. அவ்விகிதம் பத்தைத் தாண்டிய இன்றைய இயந்திரங்கள் தாங்கமாட்டா. மண்ணெண்ணெயில் ஓடும் கார் திடீரென மிதித்தால் இருமி நின்றுவிடும். மெல்ல மெல்ல அழுத்தினால் மட்டுமே வேகம் கொள்ளும். அந்தப் பற்றாக்குறை ஒரு தலைமுறைச் சாரதிகளின் வலக்காலுக்கு நிதானத்தைக் கற்றுக்கொடுத்தது.

இம்மண்ணில் வாகனம் என்பது வெறும் ஆடம்பரப் பொருளாக ஒருபோதும் இருந்ததில்லை. 1990 ஒக்டோபர் 30 ஆந் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, வீட்டையும் கடையையும் போலவே வாகனத்தையும் விட்டுச் செல்ல நேர்ந்தது. சரியாக ஐந்து ஆண்டுகளின் பின், 1995 ஒக்டோபர் 30 ஆந் திகதி, வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி இடம்பெயர்ந்தபோது, கார் வைத்திருந்தவரும் கால்நடையாய்ச் சென்றவரும் ஒரே நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகர்ந்தனர். வாகனம் ஒன்றைத் தேடி, காத்து, இழந்து, மீண்டும் தேடிய சமூகம் இது. அந்த அருமை தெரிந்தவர்கள் அதைப் பதனமாகவே ஓட்டினர்.

இதை எழுதுபவர் ஓட்டப் பழகியதும் அவ்வாறானதொரு பழைய காரில்தான். கற்றுத்தந்த முதியவர் முதல் இரண்டு வாரங்கள் மூன்றாவது கியருக்கு மேலே போக விடவில்லை. “வளைவுக்கு முன்னம் வேகத்தைக் குறை, வளைவுக்குள்ளே ஒன்றும் செய்யாதே, வளைவு முடியத் தொடங்கும்போது மெல்ல மிதி” என்பதே அவருடைய பாடம். அதன் காரணத்தை அவர் சொல்லவில்லை. பிற்காலத்தில் படித்தபோதுதான், பந்தய ஓட்டுநர்களுக்குக் கற்பிக்கப்படும் முதற்பாடமும் அதுவே என்பது புரிந்தது.

அதன் காரணம் இதுதான். கார் ஒன்றைப் பூமியோடு பிணைத்திருப்பவை நான்கு ரயர்களின் அடிப்பாகங்கள் மட்டுமே. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவுதான் தரையைத் தொடுகிறது. அந்த அளவான பிடிமானத்தைக் கொண்டே கார் வேகமெடுக்கவும், நிற்கவும், திரும்பவும் வேண்டும். வளைவில் செல்லும்போது பிடிமானத்தின் பெரும்பகுதி திரும்புவதற்கே செலவாகிவிடும். அந்நேரத்தில் பின்சில்லுகளுக்கு மிகையான வலுவைக் கொடுத்தால் அவை தரையை விட்டுக்கொடுத்து வழுகத் தொடங்கும்.

இதற்கு எதிர்மாறான தவறும் உண்டு. வளைவின் நடுவே பயந்துபோய்க் காலைச் சட்டென எடுத்தால் அல்லது பிரேக்கை அழுத்தினால், காரின் பாரம் முன்னோக்கிச் சாயும். பாரம் குறைந்த பின்சில்லுகள் பிடியை இழக்கும். மிதித்தாலும் ஆபத்து, விட்டாலும் ஆபத்து என்ற இந்த இடத்தில்தான் அனுபவமற்றவர் அகப்பட்டுக்கொள்கிறார்.

பின்புறம் வழுகத் தொடங்கினால் செய்யவேண்டியது ஒன்றே. அது எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமாகவே ஸ்டியறிங்கைத் திருப்ப வேண்டும். அக்ஸிலேற்றரைப் படிப்படியாகத் தளர்த்த வேண்டும். கார் நேரானவுடன் ஸ்டியறிங்கையும் தாமதமின்றி நேராக்க வேண்டும். தாமதித்தால் கார் மறுபக்கம் வீசும். அந்த இரண்டாவது வீச்சு முதலாவதிலும் வலியது. வாசிக்கும்போது எளிதாகத் தோன்றும் இச்செயல், கையும் காலும் தாமாகவே செய்யுமளவுக்குப் பழகாவிடின் வீதியில் கைகொடாது.

அன்றைய கார்கள் இப்பாடத்தைப் பொறுமையோடு கற்பித்தன. ஏ40 இன் வலு 40 குதிரைவலு மட்டுமே. பிழை விட்டால் அது முனகுமே தவிர, பெரும்பாலும் பாயாது. எம்.எக்ஸ்.5 முதலில் வந்தபோதே ஏறத்தாழ 115 குதிரைவலு கொண்டிருந்தது. டொயோட்டா 86 இன் வலு 200. ஐந்து மடங்கு வலு காலடியில் இருக்கும்போது, பிழைக்கும் விளைவுக்கும் இடையிலான அவகாசம் ஒரு வினாடியிலும் குறைந்துவிடுகிறது.

இன்றைய கார்களில் வழுகுவதை உணர்ந்து தனித்தனிச் சில்லுகளுக்குத் தானே பிரேக் இடும் மின்னணு ஏற்பாடு இருக்கிறதே எனச் சிலர் கேட்கக்கூடும். அது எத்தனையோ உயிர்களைக் காத்த கண்டுபிடிப்பு என்பதில் ஐயமில்லை. ஆயினும், இருக்கின்ற பிடிமானத்தைச் சரியாகப் பங்கிடுவது மட்டுமே அதனால் இயலும். இல்லாத பிடிமானத்தை அது உண்டாக்கமாட்டாது. அதை ஒரு பொத்தானால் நிறுத்திவைக்கும் வசதியும் பல விரைவுக் கார்களில் உண்டு. நண்பர்களுக்குக் காட்டுவதற்காக அப்பொத்தானை அழுத்தும் இளைஞர், தம்மைப் பிடித்திருந்த கையைத் தாமே தட்டிவிடுகிறார்.

நமது குடாநாட்டின் நிலத்தன்மையையும் கருதவேண்டும். மலைநாட்டைப் போல் வளைவுகள் இங்கு இல்லை, நேரான சமதரைதான். அதுவே ஒருவகையில் ஏமாற்றுகிறது. பருத்தித்துறை வீதியில் வல்லை வெளியை அடைந்ததும் மதில்களும் வீடுகளும் மறைந்து வெட்டவெளி விரிகிறது. கால் தானாகவே அழுந்துகிறது. ஆனால் அங்கு பக்கவாட்டில் வீசும் காற்றும் உண்டு, கால்நடைகளும் உண்டு. பண்ணைத் தாம்போதியில் இரு மருங்கிலும் கடல். மணற்காட்டை அண்டிய கரையோர வீதிகளில் காற்று அள்ளிவரும் மணல், தார் மீது மெல்லிய படலமாய்ப் படிந்திருக்கும். மாதக்கணக்கான வெயிலில் எண்ணெயும் புழுதியும் ஊறிய வீதியில், ஒக்டோபரில் பெய்யும் முதல் மழை வழுக்குத் தரையை உண்டாக்குகிறது. மழை வலுத்துக் கழுவிச் செல்லும் வரையான அந்த முதல் அரை மணி நேரமே மிகவும் ஆபத்தானது.

இந்த நாட்டில் கார்களுக்கான வேக எல்லை நகர்ப்புறங்களில் மணிக்கு 50 கிலோமீற்றர், ஏனைய வீதிகளில் 70, அதிவேக நெடுஞ்சாலைகளில் 100. வேகம் இரு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்பதற்கான தூரம் நான்கு மடங்காகும். குடாநாட்டின் எந்த வீதியிலும் இருநூறு குதிரைவலுவைச் சட்டப்படி முழுமையாகப் பயன்படுத்த முடியாது. எனவே, அத்தகைய காரின் உண்மையான இன்பம் வேகத்தில் இல்லை. திருத்தமாகத் திருப்புவதிலும், அதிர்வின்றிக் கியர் மாற்றுவதிலும், கார் சொல்வதைக் கேட்டு ஓட்டுவதிலும் இருக்கிறது. அதற்கு ஐம்பது கிலோமீற்றர் வேகமே போதும்.

வேகத்தையே நாடுவோருக்கு உரிய இடம் மூடிய தடம்தான். தெற்கில் களுத்துறைக்கு அருகே கட்டுக்குருந்தைப் பழைய விமானத் தளத்தில் கார்ப் பந்தயங்கள் நடைபெற்று வந்துள்ளன. நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934 இல் தொடங்கியது. யாழ். குடாநாட்டில் இதற்கென அமைக்கப்பட்ட தடம் எதுவும் இல்லை. ஆகவே, பரந்த வெறுந்தரை ஒன்றில், பொலிசாரின் அனுமதியோடும் அனுபவமுள்ளவரின் மேற்பார்வையோடும், ஈரத் தரையில் பிரேக் இடவும் வழுகலைச் சமாளிக்கவும் இளைஞர்களைப் பழக்கும் ஏற்பாட்டை உள்ளூராட்சிச் சபைகளும் சாரதிப் பயிற்சி நிலையங்களும் இணைந்து செய்யலாம். இன்றைய சாரதிப் பரீட்சை வீதி விதிகளையும் வாகனத்தைக் கையாளும் அடிப்படைத் திறமையையுமே சோதிக்கிறது. கார் வழுகினால் என்ன செய்வார் என்பதை அது எவரிடமும் சோதிப்பதில்லை.

பராமரிப்பும் ஓட்டத்தின் ஒரு பகுதியே. பாவித்த விரைவுக் காரை வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது இயந்திரத்தையன்று, ரயரை. ரயரின் பக்கவாட்டில் பொறிக்கப்பட்டிருக்கும் நான்கு இலக்கங்களில் முதலிரண்டும் அது தயாரிக்கப்பட்ட வாரத்தையும், அடுத்த இரண்டும் ஆண்டையும் குறிக்கும். தவாளிப்பு ஆழமாக இருந்தாலும், ஆண்டுக்கணக்கில் வெயிலில் கிடந்து இறுகிய றப்பர் ஈரத் தரையைப் பற்றாது. இடமும் வலமும் வெவ்வேறு வகை ரயர்கள் பூட்டப்பட்ட பின் அச்சு, வளைவில் எப்பக்கம் வீசும் என்று எவராலும் சொல்ல முடியாது. பல இலட்சம் கொடுத்துக் காரை வாங்கிவிட்டு ரயரில் மிச்சம் பிடிப்பது, கதவை வெள்ளியால் செய்து பூட்டைக் கயிற்றால் கட்டுவதற்கு ஒப்பாகும்.

பெற்றோரிடமும், புலம்பெயர்ந்து வாழும் உறவுகளிடமும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. பதினெட்டு வயதில் அனுமதிப்பத்திரம் கிடைக்கலாம், அனுபவம் கிடைப்பதில்லை. முதலில் வலுக்குறைந்த காரொன்றில் ஒரு மழைக்காலத்தையாவது முழுமையாக ஓட்டி முடிக்கட்டும். அதன் பின் பரிசு கொடுக்கலாம். பரிசோடு பயிற்சிக்கான பணத்தையும் சேர்த்து அனுப்புவது அதனிலும் நன்று.

பிறரால் நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருளை முஸ்லிம் மக்கள் அமானிதம் என்பர். காரில் அருகே அமர்ந்திருக்கும் நண்பனின் உயிரும், வீதியோரம் சைக்கிளில் செல்லும் மாணவியின் உயிரும் ஸ்டியறிங்கைப் பிடித்திருப்பவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்களே. எத்தனையோ உயிர்களைப் போரில் இழந்த இந்த மண்ணில், எஞ்சிய பிள்ளைகளை வல்லை வெளியிலும் கண்டி வீதியிலும் பறிகொடுப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. மண்ணெண்ணெய்க் காரைப் பக்குவமாக ஓட்டிய நம் மூத்த சாரதிகளிற் பலர் இன்னமும் நம்மிடையே இருக்கின்றனர். புதிய காரின் திறப்பைக் கையில் வாங்கும் இளைஞர், அதற்கு முன்னர் அவர்களுள் ஒருவரிடம் சென்று ஒரு வாரமாவது பாடம் கேட்கட்டும்.