ஒரே ஆளுக்கு மூன்று பெயர்: பாஸ்போர்ட்டில் எல்லைத் தமிழர் படும் பாடு

கொழிஞ்சாம்பாறையிலோ மறையூரிலோ வளர்ந்த தமிழர் ஒருவருக்குப் பெயர் தங்கராஜ் என்று வைத்துக்கொள்வோம். ரேஷன் கார்டில் அவர் பெயர் ஒரு விதமாக இருக்கும். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் வேறு விதம். பொள்ளாச்சியில் வாங்கிய பிறப்புச் சான்றிதழில் மூன்றாவது விதம். ஊரில் இருக்கும்வரை இதனால் ஒரு நஷ்டமும் இல்லை. வளைகுடாவில் வேலை என்று பாஸ்போர்ட்டுக்கு மனுப் போடும் அன்றுதான் வில்லங்கம் தலைதூக்குகிறது.

'தங்க' என்ற மலையாள எழுத்தை ஆங்கிலத்தில் பெயர்க்கும்போது 'கே' போடுவது கேரள வழக்கம். தமிழ்நாட்டில் அதே இடத்தில் 'ஜி' வரும். முருகனுக்கும் இதே கதிதான். வாத்தியாரும் பஞ்சாயத்து குமாஸ்தாவும் அவரவர் பழக்கப்படி எழுதியிருக்கிறார்கள். யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் பாஸ்போர்ட் ஆபீசுக்குத் தாள்தான் சாட்சி. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் திருத்தம் வேண்டுமானால் அது திருவனந்தபுரம் பரீட்சா பவன் வரை போகிற காரியம். ஆகவே எந்த எழுத்தை வைத்துக்கொள்வது என்று முதலில் முடிவு செய்து, சுலபமாகத் திருத்தக்கூடிய ஆதார் போன்றவற்றை அதற்கு ஒத்து மாற்றிக்கொண்டு, பிறகு மனுப் போடுவதே புத்திசாலித்தனம். விசா வந்த பிறகு ஓடுகிறவர்களே அதிகம்.

இனிஷியல் இதைவிடப் பெரிய தொல்லை. நம்மவர் இனிஷியலைப் பெயருக்கு முன்னால் போடுவார். கேரளப் பள்ளிகளில் அது பெயருக்குப் பின்னால் போய் உட்காரும். பாஸ்போர்ட்டிலோ இனிஷியலே கூடாது, விரித்து எழுத வேண்டும். குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் தகப்பனார் பெயரை எழுதுவதே நம்மவர் வழக்கம். அந்நிய தேசத்தில் மேஸ்திரி நம் ஆளை அவர் அப்பா பெயர் சொல்லிக் கூப்பிடுவார், அதைச் சகித்துக்கொள்ளலாம். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால்தான் சங்கடம். 2022 நவம்பர் 21 முதல் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா இல்லை என்று துபாய், அபுதாபி அடங்கிய ஐக்கிய அரபு எமிரேட்ஸ் அறிவித்தது. பாஸ்போர்ட்டின் வேறு பக்கத்தில் தகப்பனார் பெயர் இருந்தால் போதும் என்று பிறகு விளக்கம் வந்தது. அதற்குள் டிக்கெட் எடுத்திருந்தவர்கள் தவித்தார்கள்.

பிறப்புச் சான்றிதழைத் தேடி அலைகிறவர்கள் பலர், தேட வேண்டாத இடத்தில் தேடுகிறார்கள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். மூணாறில் வேலை பார்த்த தாய் போடியிலோ கம்பத்திலோ பிள்ளை பெற்றிருப்பாள். பிறப்பு, பிறந்த ஊரில்தான் பதிவாகும். தகப்பனார் வேலை பார்த்த ஊரில் அல்ல. தேவிகுளம் பக்கத்துப் பஞ்சாயத்தில் புரட்டிப் பார்த்துப் பயனில்லை. பதிவே இல்லாமல் ஓராண்டு கடந்துவிட்டால் மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். 2023 அக்டோபர் 1க்கு முன் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சான்றிதழ், பான் கார்டு முதலியவையும் பிறந்த தேதிக்கு ஏற்கப்படுகின்றன. அந்தத் தேதிக்குப் பின் பிறந்த குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றுதான்.

வண்டிப்பெரியாறு வழியாகக் கவிக்குப் போனால் இன்னொரு கதை கிடைக்கும். 1964 அக்டோபர் 30ல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை ஏற்க இந்தியா சம்மதித்தது. அப்படி வந்தவர்களில் சில குடும்பங்கள் இங்கே கேரள வன வளர்ச்சிக் கழகத்தின் ஏலத் தோட்டங்களில் குடியேறின. இந்தியப் பாஸ்போர்ட் வாங்கி, தலைமன்னாரில் கப்பலேறி ராமேசுவரத்தில் இறங்கினார்கள். அதோடு அந்தப் பாஸ்போர்ட்டின் வேலை முடிந்தது. அங்கே தங்கிவிட்ட அண்ணனையோ தங்கையையோ சாவதற்குள் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று இன்று புதிதாக மனுப் போடும் முதியவர், குடியுரிமைக் கட்டத்தில் 'பிறப்பால்' என்று எழுதிவிடக் கூடாது. அவர் பிறந்தது இலங்கையில். குடியுரிமை பதிவால் வந்தது. பெட்டியடியில் கிடக்கும் அந்தப் பழைய பாஸ்போர்ட்டுதான் அதற்கு ஆதாரம். இங்கே பிறந்த பேரப்பிள்ளைகளுக்கு 'பிறப்பால்' என்பதே சரி.

2018 முதல் நாட்டில் எந்தப் பாஸ்போர்ட் சேவா கேந்திரத்திலும் மனுக் கொடுக்கலாம். பாலக்காட்டுக்காரர் கோவையிலும் இடுக்கிக்காரர் மதுரையிலும் கொடுக்கத் தடையில்லை. ஆனால் போலீஸ் விசாரணை மனுவில் எழுதிய விலாசத்துக்குத்தான் வரும். கடந்த ஓராண்டில் வேறு ஊரில் தங்கியிருந்தால் அதையும் எழுத வேண்டும். திருப்பூரில் எட்டு மாதம் இருந்துவிட்டு, எஸ்டேட் லயத்து விலாசத்தை மட்டும் கொடுப்பவருக்கு விசாரணையில் சிக்கல் வரும். சாதாரண 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய். உறுதிமொழிகளுக்கு நோட்டரி முத்திரை வேண்டாம், வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டால் போதும் என்று 2016 டிசம்பரிலேயே அறிவித்துவிட்டார்கள். நோட்டரிக்கு என்று புரோக்கர் பணம் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

பத்தாம் வகுப்புத் தேறாதவர் பாஸ்போர்ட்டில் குடிபெயர்வுச் சோதனை தேவை என்ற குறிப்பு வரும். தேறியிருந்தும் சான்றிதழைக் காட்டாமல் இந்தக் குறிப்பை வாங்கிக்கொள்வோர் உண்டு. குறிப்பு உள்ளவர்கள் சவூதி, குவைத், கத்தார், ஓமன், மலேசியா முதலிய 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி பெற வேண்டும். சிங்கப்பூர் அந்தப் பட்டியலில் இல்லை. அனுமதியோடு 10 லட்ச ரூபாய் இன்ஷூரன்சும் சேர்ந்தது. இரண்டாண்டுக்குப் பிரீமியம் 275 ரூபாய்தான்.

இந்த அனுமதியைத் தட்டிக்கழிக்கத்தான் சில ஏஜெண்டுகள், "விசிட் விசாவில் போங்கள், அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்கிறார்கள். அப்படிப் போனவருக்கு ஒப்பந்தமும் இல்லை, இன்ஷூரன்சும் இல்லை. 2022ல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று அழைத்துச் செல்லப்பட்டு, மியான்மரில் மோசடிக் கும்பலிடம் சிக்கி மீட்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் இருந்தார்கள். பதிவு பெற்ற ஏஜெண்டு வாங்கக்கூடிய சர்வீஸ் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி. வரியும்தான். அவர் பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் 'இ-மைக்ரேட்' தளத்தில், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, பதிவு எண்ணைக் கொண்டு பார்த்துக்கொள்ளலாம்.