நூறாண்டு கடந்தும் மணக்கும் பிரெஞ்சு செண்டு

பெண்கள் பூசிக்கொள்ளும் செண்டு வகைகள் ஆண்டுதோறும் புதிது புதிதாக வருகின்றன. அவற்றில் பல வந்த வேகத்திலேயே மறைந்தும் போகின்றன. ஆனால் 1921ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் விற்பனைக்கு வந்த 'ஷனேல் நம்பர் 5' என்ற செண்டு நூறாண்டைக் கடந்து இன்றும் விற்பனையாகிறது. பாட்டி பூசியதையே பேத்தியும் கேட்டு வாங்குகிறாள்.

விளம்பரமும் அழகான புட்டியும் இதற்குக் காரணம்தான். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் வயலில் இருக்கிறது. இந்தச் செண்டின் உயிர்நாடியான பூ, தமிழ்நாட்டில் ஜாதிமல்லி என்றும் பிச்சி என்றும் சொல்லப்படும் அதே பூதான். ஆகவே பூ சாகுபடி செய்பவர்கள் இதன் கதையை அறிந்துகொள்வது நல்லது.

ஐந்தாவது மாதிரி

காப்ரியேல் ஷனேல் என்ற பெண்மணி பாரிஸில் புகழ்பெற்ற ஆடை வடிவமைப்பாளர். அவருக்காக எர்னஸ்ட் போ என்ற நிபுணர் பல மாதிரிகளைத் தயாரித்து, எண் போட்டு வைத்தார். அவற்றில் ஐந்தாம் எண் மாதிரி ஷனேலுக்குப் பிடித்தது. அந்த எண்ணே பெயராகவும் நிலைத்துவிட்டது.

அந்தக் காலத்துச் செண்டுகள் பலவும் ஏதாவது ஒரு பூவின் மணத்தையே ஒத்திருந்தன. போ செய்தது வேறு. மல்லிகை, ரோஜா, மனோரஞ்சிதத்தின் இனத்தைச் சேர்ந்த இலாங்-இலாங் ஆகிய பூக்களின் சாற்றுடன், ஆல்டிஹைடு என்ற ரசாயனப் பொருளையும் தாராளமாகச் சேர்த்தார். ஆல்டிஹைடு மட்டும் இருந்தால் நெடி மூக்கில் ஏறும். பூச்சாறு மட்டும் இருந்தால் மணம் கனத்துத் தங்கிவிடும். இரண்டும் சேர்ந்தபோது, புதிதாக வெளுத்த துணி போன்ற துப்புரவும் பூவின் செழிப்பும் ஒருங்கே கிடைத்தன. இன்ன பூ என்று பிரித்துச் சொல்ல முடியாத அந்த மணமே வாடிக்கையாளர்களைக் கட்டிப் போட்டது.

பூ விளையும் ஊர்

இதற்கான மல்லிகையும் ரோஜாவும் பிரான்சின் தென்பகுதியில் உள்ள கிராஸ் வட்டாரத்தில் விளைகின்றன. ரோஜா மே மாதத்தில் சில வாரங்கள் மட்டுமே பூக்கும். மல்லிகை ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை பூக்கும். இச்செடியின் தாயகம் தெற்காசியா. ஆகவே அங்குள்ள குளிரைத் தாங்குவதற்காக, குளிரைப் பொறுக்கும் வேறொரு மல்லிகையின் வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டி நடுகிறார்கள். குளிர்காலத்தில் தூரைச் சுற்றி மண்ணும் அணைக்கிறார்கள்.

பூ பறிப்பது முழுக்க முழுக்கக் கைவேலை. ஒரு கிலோவுக்குச் சுமார் 8,000 முதல் 10,000 பூக்கள் பிடிக்கும். ஓர் ஆள் மணிக்கு அரைக் கிலோ பறித்தால் பெரிது.

350 கிலோ பூவுக்கு ஒரு கிலோ

பறித்த பூவைத் துளையிட்ட தட்டுகளில் பரப்பி, பெரிய கலத்தில் வைத்து, ஹெக்சேன் என்ற கரைப்பானில் ஊற வைக்கிறார்கள். கரைப்பான் மணத்தையும் மெழுகையும் இழுத்துக்கொள்கிறது. அதை ஆவியாக்கிப் பிரித்துவிட்டால் மெழுகு போன்ற பசை மிஞ்சும். இதற்குக் கான்கிரீட் என்று பெயர். இதைச் சாராயத்தில் கரைத்து, குளிரவைத்து, மெழுகை வடிகட்டி நீக்கினால் அப்சல்யூட் என்ற சுத்தமான சாறு கிடைக்கும்.

சுமார் 350 கிலோ மல்லிகைக்கு ஒரு கிலோ கான்கிரீட் தேறும். அதிலிருந்து அரைக் கிலோவுக்குச் சற்றே கூடுதலாக அப்சல்யூட் கிடைக்கும். 350 கிலோ பூவைப் பறிக்கவே 700 மணி நேர உழைப்பு தேவை என்றால் அதன் விலையை ஊகித்துக்கொள்ளலாம்.

மணம் மாறவில்லை

பழகிய மணம் சிறிது மாறினாலும் வாடிக்கையாளர் கண்டுபிடித்துவிடுவார். இரண்டாம் உலகப் போரில், 1940இல் பிரான்சு வீழ்ந்தபோது, செண்டுக் கம்பெனியின் உரிமையாளர்கள் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தனர். அங்கு உற்பத்தியைத் தொடர, வேறு மல்லிகையைத் தேடாமல், கிராஸுக்கு ஆள் அனுப்பி அந்த மல்லிகைச் சாற்றையே கடல் கடந்து வரவழைத்தனர்.

போருக்குப் பின் வேறோர் ஆபத்து வந்தது. கிராஸ் வட்டாரத்தில் நிலத்தின் விலை ஏறி, பூந்தோட்டங்கள் வீட்டுமனைகளாக மாறின. எகிப்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும் மலிவான மல்லிகைச் சாறு வந்தது. செயற்கை மணப்பொருள்களும் பெருகின. கிராஸ் விவசாயிகள் ஒவ்வொருவராகப் பூவைக் கைவிட்டனர்.

இந்நிலையில் 1987இல் ஷனேல் கம்பெனி, பெகோமா என்ற ஊரில் பரம்பரையாகப் பூ பயிரிடும் ஒரு விவசாயக் குடும்பத்துடன் நீண்டகால ஒப்பந்தம் செய்துகொண்டது. சாறு இறக்கும் ஆலையும் வயல் நடுவிலேயே அமைந்தது. பூ வாடுமுன் கலத்துக்குள் போய்விடுகிறது. கம்பெனிக்கு மணம் மாறாத பூ கிடைத்தது. விவசாயிக்கு விலைக்கு உத்தரவாதம் கிடைத்தது. 2018இல் கிராஸ் வட்டாரத்தின் பூ சாகுபடி, வாசனைத் தொழில் அறிவு ஆகியவற்றை யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

தமிழ்நாட்டு விவசாயிகளுக்கு

தமிழ்நாட்டிலும் கோவை, திண்டுக்கல் போன்ற மாவட்டங்களில் மல்லிகைக் கான்கிரீட் எடுத்து வெளிநாடுகளுக்கு அனுப்பும் ஆலைகள் உள்ளன. முகூர்த்த நாளில் சந்தை தரும் விலையை ஆலை தராது. ஆனால் பூ குவிந்து விலை சரியும் நாளில் ஆலைதான் கைகொடுக்கும். ஆலைக்குப் பூ கொடுப்பவர்கள் கவனிக்க வேண்டியவை:

சரம் தொடுக்க மொட்டாகப் பறிப்பது போல ஆலைக்குப் பறிக்கக் கூடாது. நன்கு மலர்ந்த ஜாதிமல்லியை அதிகாலையில் பறிக்க வேண்டும். வெயில் ஏற ஏற மணம் குறையும்.

எடை கூடட்டும் என்று தண்ணீர் தெளிக்கக் கூடாது. பிளாஸ்டிக் பையில் அடைத்து வைத்தால் பூ புழுங்கிப் பழுத்துவிடும். காற்றோட்டமுள்ள கூடையில் தளர்வாகப் போட்டு, தாமதமின்றி ஆலைக்குச் சேர்க்க வேண்டும்.

மருந்து தெளித்தால், குறிப்பிட்ட இடைவெளி நாட்கள் கழிந்த பிறகே பூவைப் பறிக்க வேண்டும். மருந்தின் எச்சம் சாற்றிலும் இறங்கும். வெளிநாட்டில் சோதித்துப் பார்த்துச் சரக்கைத் திருப்பி அனுப்பிவிட்டால், அடுத்த முறை ஆலை வாங்கத் தயங்கும்.

சிறு விவசாயிகள் தனித்தனியே போவதைவிடக் குழுவாகச் சேர்ந்து, பருவம் தொடங்குமுன் விலை, எடை, பணம் தரும் நாள் ஆகியவற்றை எழுத்தில் பேசி முடித்துக்கொள்வது நல்லது. கிராஸ் வட்டாரத்தில் மல்லிகைத் தோட்டங்கள் அழிந்துகொண்டிருந்த காலத்தில் ஒரு குடும்பத்தின் வயலைக் காத்து நின்றது அப்படிப்பட்ட ஓர் ஒப்பந்தமே.