வந்து மறையும் மின்பழுது

2022 டிசம்பர் 9 நள்ளிரவையொட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. இத்தகைய புயல்களுக்குப் பிறகு, மின்கம்பிகளை மண்ணுக்குள் புதைக்க வேண்டும் என்ற கோரிக்கை எழுவது வழக்கம். அது நியாயமான கோரிக்கையே. ஆனால், அறுந்து தொங்கும் கம்பி கண்ணுக்குத் தெரியும். புதைவடத்தின் பழுது தெரியாது. அதிலும் வந்து வந்து மறையும் பழுதைப் பிடிப்பது மிகக் கடினம். கேபிள் பழுதுகளைத் தேடும் பணியில் இருந்தவன் என்ற முறையில் அதை விளக்க விரும்புகிறேன்.

இத்தகைய பழுது பெரும்பாலும் இரு கேபிள் துண்டுகளைச் சேர்க்கும் இணைப்பில்தான் தொடங்குகிறது. சரியாக மூடப்படாத இணைப்புக்குள் மழைக்காலத்தில் ஈரம் புகும். கடலோரத்தில் உப்பும் சேரும். ஈரத்தின் வழியே மின்சாரம் கசிந்து பொறி எழ, பாதுகாப்புக் கருவி மின்சாரத்தைத் துண்டிக்கும். பொறியின் வெப்பத்தில் ஈரம் உலர்ந்துவிட்டால், மீண்டும் கொடுக்கும் மின்சாரம் நிற்கும். மெக்கர் கருவியும் குறையில்லை என்று காட்டக்கூடும். அடுத்த மழையில் பழுது திரும்பும்.

கேபிளுக்குள் ஒரு மின்துடிப்பை அனுப்பி, அது பழுதில் பட்டுத் திரும்பும் நேரத்தை அளந்தால் தொலைவு தெரியும். பாலிஎத்திலீன் காப்புள்ள கேபிளில் துடிப்பு ஒரு மைக்ரோ விநாடிக்கு ஏறத்தாழ 170 மீட்டர் செல்லும். 6 மைக்ரோ விநாடியில் திரும்பினால், பழுது சுமார் 510 மீட்டரில் இருக்கிறது. ஆனால், உலர்ந்துபோன பழுது துடிப்பைத் திருப்பி அனுப்பாது. ஆகவே, உயர் மின்னழுத்தம் செலுத்திப் பொறியை எழுப்பி, அந்தக் கணத்திலேயே துடிப்பை அனுப்ப வேண்டும். பிறகு, மண்ணுக்குள் பொறி வெடிக்கும் ஓசையைத் தரையில் வைத்த ஒலிவாங்கியால் கேட்டு, தோண்டும் இடத்தை உறுதிசெய்கிறோம். இதையே பலமுறை செய்தால் கேபிளின் நல்ல பகுதியும் நலிவுறும்.

510 மீட்டர் என்பது சாலையின் நீளமன்று. வளைந்தும் சுருண்டும் கிடக்கும் கேபிளின் நீளம். வழித்தட வரைபடம் இல்லையேல் அந்த எண் பயன்படாது. எனவே, செங்கல்பட்டு முதல் மாமல்லபுரம் வரை எங்கு புதைவடம் பதித்தாலும், பள்ளத்தை மூடும் முன்பே ஒவ்வோர் இணைப்பின் இடத்தையும் பதிவுசெய்ய வேண்டும். மின்சாரம் தடைபட்ட ஒவ்வொரு நேரத்தையும், அப்போது மழை பெய்ததா, மின்சுமை எவ்வளவு என்பதையும் குறித்துவைக்க வேண்டும்.

மின்சாரம் திரும்பியதும் புகாரை முடித்துவைப்பது பழுதுநீக்கம் ஆகாது. நீர் தேங்கிய தெருவில் நடப்பவரின் உயிர், மறைந்ததாக நாம் நம்பும் அந்தப் பழுதைப் பொறுத்தது.